ஃபீடைக் கூட்டு, ஸ்பீடைக் குறை

“மரியாதையா நிறுத்தியிருக்கலாம்டா” என்றான் நண்பன். பர்மிங்ஹாமின் ஹெவி மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ ஆல்பம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் போன். அவன் வம்புக்குப் பேசுகிறவன் இல்லை. 1993இல் பதினோராம் வகுப்பு படிக்கும்போது நாங்கள் இருவரும் அம்பத்தூரில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஒரே கேசட்டை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொண்டவர்கள். ரிப்பன் சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றிக் காப்பாற்றியது அவன்தான். அப்படிப்பட்டவன் சொல்கிறான்: பாடகர் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. கிட்டாரிஸ்ட் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய். மேடையில் அவர் இடத்தில் வேறொருவர் நின்று வாசிக்கிறார், ஆல்பத்தில் மட்டும் அவர் பெயர் இருக்கிறது. யாருக்காக இதெல்லாம்? நல்ல பெயர் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டாமா? நான் “ஆமாண்டா” என்றேன்.

போனை வைத்த பிறகு அந்த ‘ஆமாண்டா’ தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. ஆல்பத்தை அதுவரை ஒரே ஒரு முறை, அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டிருந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் பெரியது. “மரியாதையா நிறுத்திக்கலாம்ப்பா” என்று ஏறக்குறைய இதே வார்த்தையை 2022 நவம்பரில் நான் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பட்டறையில், பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நண்பன் ஒரு இசைக்குழுவைப் பற்றித்தான் பேசினான். எனக்கு என் குரலே போனில் திரும்பிக் கேட்ட மாதிரி இருந்தது.

பர்மிங்ஹாமும் அம்பத்தூரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை, எங்கள் பேச்சில் எஸ்டேட்டை, ஒட்டி வளர்ந்தவர்களுக்கு ஹெவி மெட்டல் அந்நியமாகத் தோன்றாது. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப். ராத்திரி ஷிஃப்டில் பவர் பிரஸ் இறங்கும் சத்தத்தில்தான் தூங்குவேன். அது நின்றுவிட்டால் விழிப்பு வந்துவிடும். நண்பன் வீட்டில் “என்னடா இது, தகரத்தைப் போட்டுத் தட்டுற சத்தம்” என்று டேப்பை நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்பா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “சத்தம் சீரா இருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் டர்னர், லேத் ஓட்டுகிறவர். சத்தம் சீராக இருந்தால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது.

அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒன்று, இந்த இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே உறவு இருந்தது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949இல் தொடங்கியதே இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டில்தான். நாங்கள் பள்ளிக்கு ஓட்டிப்போன ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டுமே பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்கள். பி.எஸ்.ஏ. என்பதன் விரிவே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1955இல் இங்கே வந்த என்ஃபீல்டின் சொந்த ஊரான ரெட்டிச், பர்மிங்ஹாமுக்குப் பக்கம். அந்த வட்டாரத்து இரும்புப் பட்டறைகளிலிருந்துதான் இந்த இசையும் வந்தது. அதே ஊர்க் குழுவான பிளாக் சாபத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில், மிஷினில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களை எங்கள் தெருவில் மூன்று பேரைக் காட்டுவேன், அதனால் அந்தக் கதையை முதலில் படித்தபோது அவரைத் தெரிந்தவர் மாதிரி இருந்தது. டிப்டனும் கிட்டாருக்கு முன்னால் பிரிட்டிஷ் ஸ்டீலில் வேலை பார்த்தவர்தான். 1980இல் அதே பெயரில் பிரீஸ்ட் ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் உலோக மனிதர்கள் நடந்து வரும் சத்தத்துக்காக ஒரு தட்டு நிறைய கத்தி, முள்கரண்டிகளை மைக்குக்கு முன்னால் குலுக்கினார்களாம். இதைப் படித்த அன்று பட்டறையில் ஒரு டிரே கன்மெட்டல் புஷ்களை, ஷாஃப்டுக்கு மாட்டும் வெண்கலக் குழாய்த் துண்டுகளை, எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே சத்தம்.

ஒரே வாரம்

பிரீஸ்டின் கதையைத் தெரிந்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். 2018இல் முந்தைய ஆல்பம் வந்து சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில், டிப்டனுக்குப் பார்க்கின்சன் என்று வெளியே சொன்னார்கள். அதற்குப் பல வருடம் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் அதுவரை மேடையில் வாசித்திருக்கிறார். அதன் பிறகு ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் மேடையில் அவர் இடத்தில் நின்றார். டிப்டன் கச்சேரி முடிகிற நேரத்தில் வந்து, உடம்புக்கு முடிந்த அன்று, ஒன்றிரண்டு பாட்டு வாசித்துவிட்டுப் போவார். 2021 செப்டம்பரில் இன்னொரு கிட்டாரிஸ்ட் ரிச்சி ஃபால்க்னருக்கு மேடையிலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தது. அவர் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பத்து மணி நேர அறுவை சிகிச்சை. 2022 ஜனவரியில், இனி ஸ்னீப் வேண்டாம், ஒரே கிட்டாருடன் நான்கு பேராகப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் பொங்கினார்கள். சில நாளிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அந்த யோசனை தன்னுடையதுதான் என்று ஹால்ஃபோர்டு பிறகு ஏற்றுக்கொண்டார். இரண்டு கிட்டார் இல்லாமல் அந்தக் குழு கிடையாது. அது அவருக்கே ஒரு கணம் மறந்துபோயிருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதே வருடம் நவம்பர் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்களைச் சேர்த்தார்கள். 2011இல் பிரிந்து போன பழைய கிட்டாரிஸ்ட் கே.கே. டவுனிங்கும் அன்று மேடைக்கு வந்தார். டிப்டனும் கிட்டாரோடு நின்றார். அந்த வீடியோவைப் பட்டறை மாடியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி நண்பனுக்கு அனுப்பினேன்.

அப்பாவின் அளவெடுக்கும் மைக்ரோமீட்டரை அவர் மேஜையிலிருந்து எடுத்து என் டிராயரில் வைத்துப் பூட்டியதும் அந்த வாரம்தான்.

கையெழுத்து சிறுத்தது

அப்பாவுக்கு முதலில் கை நடுங்கவில்லை. கையெழுத்துதான் சிறுத்தது. டெலிவரி சலானில் அவர் போடும் கையெழுத்து முன்பு கட்டத்தை மீறிப் போகும். 2020 வாக்கில் அது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வரும். கூலண்ட் கெட்டுப்போய் பட்டறையே நாறும்போது அவர் மட்டும் அதன் பக்கத்தில் நின்று டீ குடிப்பார். முகத்தில் சிரிப்பு குறைந்தது. என் மேல் ஏதோ கோபம் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பார்க்கின்சன் என்ற ஒரே நோயின் அடையாளங்கள் என்று நரம்பியல் மருத்துவர் வரிசையாகச் சொன்னபோது, ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன் என்பதுதான் உறைத்தது.

அவர் 1971இல் 18 வயதில் லேத் முன்னால் நின்றவர். 1989இல் வாடகை ஷெட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் எச்.எம்.டி. லேத்தைப் போட்டு சொந்தமாகத் தொடங்கினார். இன்று கம்ப்யூட்டரில் ஓடும் இரண்டு சி.என்.சி. மிஷின் இருக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒற்றை ஜாப், ரிப்பேர் ஜாப், பழைய பம்புக்கு அளவெடுத்துச் செய்கிற புஷ் எல்லாம் அந்த எச்.எம்.டி.யில்தான் ஓடும். அதில் அவர் ஓட்டிய 40 புஷ்களில் 11 துளை பெரிதாகித் திரும்பி வந்தது. கன்மெட்டல் விலையை மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே போய், யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கழுவின கையைத் துணியில் துடைத்தார், அதற்கே நேரமானது. ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். பொத்தான் போட ஒரு பையன் பக்கத்தில் வந்தான், வேண்டாம் என்று தலையசைத்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. அம்மா என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். வயதானவர், மிஷின் பக்கம் நிற்பது ஆபத்து. அதுவும் உண்மைதான். ஜாப்பைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கில் சட்டைக் கை மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் அதைச் சொல்லி நிறுத்தவில்லை. பதினோரு புஷ்களைச் சொல்லித்தான் நிறுத்தினேன்.

சிவராத்திரி

ஆல்பம் வெளியான 2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை, மகா சிவராத்திரி. அம்மாவுக்குத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கண்விழிக்க வேண்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். அதற்குப் பக்கத்து மண்டபத்துத் தூணில் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்தேன். இரண்டாம் காலப் பூஜை முடிந்ததும் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. நான் குளத்துப் பக்கம் போய் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் பாட்டு ‘பேனிக் அட்டாக்’, அவர்களுடைய 1986 காலத்துச் சத்தத்தை நினைவுபடுத்துகிற ஒரு மினுமினுப்போடு தொடங்கி, அப்புறம் டிராவிஸின் டிரம்ஸ் வந்து விழுகிறது. எந்த நாளாக இருந்தாலும் நான் அங்கேயே மனதை விட்டிருப்பேன். அன்று செய்தது வேறு. இடது காதில் வருவது யார், வலது காதில் வருவது யார், இந்த சோலோ டிப்டன் கையா ஃபால்க்னர் கையா, இதை நிஜமாகவே டிப்டன் வாசித்திருப்பாரா என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டேன். வந்த சரக்கில் ஒவ்வொரு துளையிலும், அளவு சரியா தவறா என்று மட்டும் காட்டும் கோ-நோகோ கேஜை விட்டுப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் மாதிரி. ஆறாவது பாட்டுக்கு மேல் சலித்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

உள்ளே நாதஸ்வரம் தொடங்கியிருந்தது. இரண்டு பேர். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், இளையவர் முப்பதுகளில். பெரியவர் ராகத்தின் முதல் பிடியை மட்டும் ஊதிவிட்டு வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டார். அங்கிருந்து இளையவர் எடுத்து வெகுதூரம் போனார். நடுவில் ஓரிடத்தில் பெரியவர் விரலை லேசாகத் தூக்கினார், இளையவர் திரும்பி வந்தார். தவில்காரர் தலையாட்டினார். சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அதில் யார் எவ்வளவு ஊதினார்கள் என்ற கணக்கு இல்லை. பெரியவர் வாசிப்பு என்றுதான் சொல்லிக்கொண்டு போனார்கள். இதை அன்று நான் பார்த்தேன், கவனிக்கவில்லை. அப்பா கவனித்திருக்கிறார் போல. வீட்டுக்கு வரும் வழியில் காரில், “அந்தப் பையனுக்கு நல்ல வாத்தியார்” என்றார்.

இரண்டு நாள் கழித்து நண்பன் போன் செய்தான். நான் ‘ஆமாண்டா’ என்றேன்.

காதும் ஸ்க்ரூடிரைவரும்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எஸ்டேட் முழுக்க வெள்ளம் நின்றதை அம்பத்தூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் பட்டறையில் முழங்காலுக்கு மேல். சி.என்.சி.களைக் காப்பாற்ற ஓடியதில் எச்.எம்.டி.யைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக்கை வைத்துப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினோம். ஓடியது. ஆனால் நீளமான ஷாஃப்ட் எதைப் போட்டாலும் டூல் அதிர்ந்து, சாட்டரிங் விழும். ஜாப்பின் மேலே நத்தை ஊர்ந்த மாதிரி வரிவரியாகத் தடம். பேரிங்தான் துரு ஏறிவிட்டது என்றார் மெக்கானிக். மாற்றினோம். அப்பவும் போகவில்லை. டூலை மாற்றினோம், சென்டரை மாற்றினோம். மூன்று மாதம் ஆகிவிட்டது, மிஷினை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆள்கூடப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது பட்டறையில் ஒரு கையெழுத்து போட வேண்டியிருந்தது. காரிலேயே இருங்கப்பா, ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த பையன் ஒருவன் எச்.எம்.டி.யில் ஷாஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். அதே கிரீச்சல். திரும்பிப் பார்த்தால் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினேழு மாதம் கழித்து உள்ளே வருகிறார். என்னைப் பார்க்கவில்லை, மிஷினைத்தான் பார்த்தார்.

“டேய் தம்பி, நிறுத்து. ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் எடு” என்றார் பையனிடம். ஸ்க்ரூடிரைவர் நுனியை மிஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பது அவர் பழைய பழக்கம். டாக்டர் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. சுழல்கிற பாகத்திலிருந்து தள்ளி, பேரிங் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் மேல் நுனியை வைத்தார். கை நடுங்கி நுனி தந்தி அடித்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே. அந்த இடத்தில் நான் போய் அவர் கையைப் பிடித்து, வாங்கப்பா போலாம் என்று சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பையன், “ஐயா, நான் புடிச்சுக்கிறேன், நீங்க கேளுங்க” என்றான். அவன் இரண்டு கையாலும் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்தான். அப்பா குனிந்து பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு பையன் மிஷினை ஓடவிட்டான்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பட்டறையில் மற்ற மிஷின்களை நிறுத்தச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அப்பா நிமிர்ந்தார். “பேரிங் நல்லா இருக்கு. பணத்தைக் கொட்டி அதை எதுக்கு மாத்தினீங்க? கிராஸ் ஸ்லைடுல ஜிப் லூசு. பிரிச்சவன் டைட் பண்ணாம விட்டிருக்கான்.” டூலைத் தாங்கும் ஸ்லைடு ஆடாமல் பிடிக்கும் பட்டைதான் ஜிப். பையன் அதன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். ஸ்லைடைக் கையால் தள்ளிப் பார்த்துப் போதும் என்றார் அப்பா. அப்புறம் அவன் மறுபடி ஓட்ட, கிரீச்சல் பாதி குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. “பயந்து பயந்து ஃபீட் குடுக்கிற. டூலு கடிக்காம தேய்க்குது, அதான் கத்துது. ஃபீடைக் கூட்டு, ஸ்பீடைக் குறை.” பையன் என்னைப் பார்த்தான். அதிர்கிற இடத்தில் டூலை இன்னும் வேகமாக நகர்த்தச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும். நான் தலையாட்டினேன். அவன் லீவரை மாற்றினான். டூல் இறங்கியது. சுருள் அறுபடாமல் நீளமாக வர ஆரம்பித்தது, சத்தம் சீரானது. அந்தச் சத்தத்தைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

பையன் மைக்ரோமீட்டரை வைத்து அளவை உரக்கச் சொன்னான். அப்பா “ம்” என்றார். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ஆபரேட்டர் பெயர் எழுதும் கட்டத்தில் அவன் எழுதியதை நான் சாயங்காலம்தான் பார்த்தேன். முதலில் அப்பா பெயர், கீழே அவன் பெயர். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஷாஃப்டை அப்பா விரலால்கூடத் தொடவில்லை. ஆனால் அவர் வராமல் இருந்தால் அந்த வாரம் அந்த மிஷின் எடைக்குப் போயிருக்கும்.

மறுபடி கேட்டது

அன்று ராத்திரி ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். இந்த முறை எதையும் பின்னால் ஓட்டவில்லை. யார் கை என்ற கேள்வி வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஆனால் வேறு மாதிரி வந்தது. இந்த சோலோக்களில் ஒரு கட்டுமானம் இருக்கிறது. வேகத்தைக் காட்டுவதற்காக மட்டும் ஓடாமல், நாம் வாய்விட்டு முணுமுணுக்கிற மாதிரி ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கி வருகிற ஒழுங்கு. டவுனிங் காட்டாறு என்றால் டிப்டன் எப்போதும் கரை கட்டுகிறவர். ஃபால்க்னர் பிறந்ததே ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ வந்த 1980இல்தான். கேட்டு வளர்ந்த கையோடு பத்து வருடத்துக்கு மேல் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறார், சேர்ந்து பாட்டு எழுதியிருக்கிறார். எங்கே டிப்டன் முடிந்து எங்கே ஃபால்க்னர் தொடங்குகிறார் என்று என்னால் பிரிக்க முடியாமல் போனதை சிவராத்திரி அன்று நான் குற்றமாக எடுத்துக்கொண்டேன். பிரிக்க முடியாத அளவுக்கு ஒருவர் இன்னொருவருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. ஒலிப்பதிவு எனக்கு அளவுக்கு மீறிச் சுத்தம். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் சி.என்.சி.யிலிருந்து வந்த ஜாப் மாதிரி ஒரே அச்சு. அங்கங்கே அரம் போட்ட தடம் தெரிந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்பாதியில் ‘சன்ஸ் ஆஃப் தண்டர்’ மாதிரி ஒன்றிரண்டு பாட்டு பழக்கதோஷத்தில் ஓடுகின்றன. ஆனால் மூன்றாவதாக வரும் தலைப்புப் பாட்டு, இரண்டு கிட்டாரும் கோத்துக்கொண்டு கிளம்புகிற அந்த வேகம், ஐம்பது வருடமாக ஒரே தொழிலைச் செய்கிறவர்களிடம் மட்டும் வருவது. முதல் ஆல்பம் 1974, இது பத்தொன்பதாவது. ‘கிரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்’ என்கிற ஆறாவது பாட்டில் ஹால்ஃபோர்டு உச்சத்துக்கு ஏறாமல் நடுக்குரலிலேயே நின்று பாடுகிறார். அந்தக் குரலில் வயது தெரிகிறது, அதை அவர் மறைக்கவில்லை. கோயிலில் நான் ஹெட்ஃபோனைக் கழற்றியது சரியாக இந்தப் பாட்டு முடிந்ததும்தான். கடைசிப் பாட்டு ‘ஜயண்ட்ஸ் இன் தி ஸ்கை’, மறைந்துபோன சக இசைக்காரர்களுக்காக எழுதியது. நடுவில் எல்லாம் அடங்கி வெறும் கிட்டார் மட்டும் ஒலிக்கும் ஓரிடம் இருக்கிறது. அங்கே நான் மாடியில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் நண்பனைக் கூப்பிட்டேன். அன்னைக்கு ஆமான்னு சொன்னேன்ல, அதைத் திரும்ப எடுத்துக்கறேன்டா என்றேன். அவன் விவாதத்துக்கு வந்தான், வழக்கம்தான். அப்படியென்றால் கை முழுக்க விழுந்த பிறகும் பெயர் போடலாமா, எதுவரைக்கும் போடலாம், எல்லை எது என்று கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. எல்லையை வெளியே நிற்கிற நாம் போடக்கூடாது, அவரும் அவர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரும் போட்டுக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னேன். எந்த ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டான். மேலே எழுதியதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்பா எப்படி இருக்காரு இப்ப?” என்றான். ஆறு வருடத்தில் முதல் முறையாக, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அப்பா பட்டறைக்கு வருகிறார். பத்து மணி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் உடம்பு கொஞ்சம் இளகும். அந்த நேரம் பார்த்துக் கூட்டிவருவேன். சக்கிலிருந்து ஆறடி தள்ளி மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டிருக்கிறோம். அந்த மைக்ரோமீட்டரை டிராயரிலிருந்து எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். என்ன சொல்லி வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தும் ஒன்றும் வரவில்லை, சும்மா வைத்துவிட்டேன். அவரால் அதன் ராட்செட்டைத் திருக முடிவதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஸ்க்ரூடிரைவர் லேத்துக்குப் பக்கத்தில், முன்பு அவர் சட்டை தொங்கிய ஆணியில் தொங்குகிறது.

போன வெள்ளி ஒரு பழைய பம்புக்கு ஆறு கன்மெட்டல் புஷ். பையன் முதல் புஷ்ஷை முடித்து, அளந்து, “ஐயா, இருபத்தஞ்சு பாயிண்ட் ஜீரோ ஒண்ணு” என்றான். அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“சரி, அடுத்ததை மாட்டு” என்றார்.